தெற்கிருத்தல்

அராருவாமா உப்புக்காயலில்
இடுப்பளவு நீரில் நின்று ஜோவெலினா அள்ளிய சேறு
ஜாடிக்குள் அழுகிய முட்டையாய் நாறியது.
ரியோவுக்குத் திரும்பும் பேருந்தில்
பக்கத்து இருக்கைக்காரர்
மூன்றாம் நிறுத்தத்தில் எழுந்து பின்னால் போனார்.
நல்லதாய்ப் போயிற்று.
ஜாடி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது.

ஆய்வகத்தில், காந்தத்தின் வடமுனையைக்
கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள்.
அரைமணியில்
சேற்றிலிருந்து சாம்பல் மச்சம் ஒன்று பிரிந்து
முனையருகே வந்து கூடிற்று.
தென்னவர்கள்.

பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குத்
தெற்கு என்றால் கீழே.
கீழே என்றால் சேறு,
சேறு என்றால் காற்று குறைவு.
குறைந்தால்தான் அவர்களுக்கு வீடு.
இத்தனைக்கும்
பூமியின் காந்தம் மெலிந்து நூலாய்க் கிடக்கும் கரை இது.
அந்த நூலையும் பற்றிக்கொண்டு இறங்குகிறார்கள்.

எதைக்கொண்டு பற்றுகிறார்கள்?
உலையில்லை, துருத்தியில்லை, சம்மட்டிச் சத்தமில்லை.
கரைந்த இரும்பை உறிஞ்சி
உடம்புக்குள் குட்டிக் குட்டிச் சவ்வுப் பைகளில்
மணிமணியாய் விளையவைக்கிறார்கள்.
ஒரு தலைமுடியின் தடிமனை
ஆயிரத்தைந்நூறாய் வகிர்ந்தால் ஒரு மணி.
இருபது மணி கோத்தால் ஓர் ஊசி.
கொல்லன் தெருவுக்கு விற்கக் கொண்டுபோவதில்லை.
ஊசியை வயிற்றில் வைத்துக்கொண்டு
அது திரும்பும் பக்கம் தாமும் திரும்புகிறார்கள்,
அவ்வளவுதான்.

ஒற்றைக் குலத்தைப் பிரித்தெடுக்கப் பதினான்கு மாதம்.
பிறகு ஐந்து லிட்டர் கண்ணாடிக் கலத்தில் குடிவைத்தாள்.
சிட்டிகை இரும்பு.
காற்று, இருக்கிறதா என்று கேட்கும்படி.
மருத்துவமனைக்காரர்கள் நூறு மில்லிகிராம் கேட்டிருந்தார்கள்,
எலியின் கட்டிக்குள் செலுத்திச் சூடேற்றிப் பார்க்க.
திங்கட்கிழமை கெடு.
அன்று வெள்ளி.
கையில் பதினொன்று.

எல்லாரும் போனபின்
காற்றுக்குழாயைக் கால் சுற்றுத் திறந்தாள்.
மூச்சு யாருக்குத்தான் கசக்கும்?

காலையில் கலம் கொழித்துக் கிடந்தது.
நான்கு மடங்கு கூட்டம். பால் போல வெள்ளை.
காந்தத்தைக் காட்டினாள்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
சனிக்கிழமையென்றும் பாராமல் வந்த ஒதீலியோ
மின்னணு நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பார்த்துவிட்டு,
"எல்லாம் நல்லாக் கொழுத்திருக்கு,
உள்ளே ஒண்ணுமில்லை" என்றான்.
காபி மிச்சமிருக்கிறதா என்றும் கேட்டான்.

நெஞ்சு நிறைய மூச்சு கிடைத்தவனுக்குத் திசை எதற்கு
என்று எழுதத்தான் எனக்குக் கை வருகிறது.
ஜோவெலினா அப்படியெல்லாம் நினைக்கவில்லை.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், தன்னைத்தான்.
கலத்தில் முக்காலைக் கொன்று கொட்டிவிட்டு
மீதிக்குப் புது நீர் வார்த்து
குழாயை மூடினாள், ஏறக்குறைய.

என் மொழியில் வடக்கிருத்தல் என்றொரு சொல் உண்டு.
வடக்கு நோக்கி அமர்ந்து
சோறும் நீரும் விலக்கி
உயிர் போகும்வரை எழாதிருப்பது. மானத்துக்காக.
இவர்கள் தெற்கிருக்கிறார்கள்.
மானம் ஏது, சாகிற எண்ணமும் இல்லை.
இரண்டாகப் பிரியும்போது
ஊசியை நடுவில் முறித்து
ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு
அதே பக்கம் போகிறார்கள்.

ஞாயிறு மாலை
பாலில் ஒரு தேநீர்க் கறை தெரிந்தது.
அதைப் பார்த்தபடி நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.
விழித்தபோது கலம் முழுக்க
மழைக்கு முந்திய குவனபாரா விரிகுடா.

திங்கள் அறிக்கையில் பதினேழு என்று எழுதினாள்.
மேலும் நாள் வேண்டும் என்றும்.
ஏன் என்ற கட்டத்தை நிரப்பவில்லை.

பிறகு சீசாவின் வெளியே
காந்தத்தை மெல்ல நகர்த்தினாள்.
உள்ளே அந்தக் கறுப்பு
பூனை முதுகாய்ச் சிலிர்த்தெழுந்து
கூடவே நடந்தது.